வாத்தியாரின் வலது கை

மருத்துவமனையில் அவளை எல்லாரும் ரெக்கார்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், படிக்கட்டுக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீண்ட அறையில் இருபத்தாறு வருடமாக அவளுக்கு வேலை. வீடு திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் என்று எல்லாருடைய கேஸ் ஷீட்டும் கடைசியில் அங்கே வந்து சேரும். எண் போட்டு, நாடா கட்டி, அடுக்கி வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். தூசி ஒட்டாமலிருக்க மேலே ஒரு நீலக் கோட்டு போட்டிருப்பாள். அந்த அறையில் அவள் வைத்த சட்டம் ஒன்றுதான்: எடுத்த தாளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதவர்கள் அலமாரியைத் தொடக்கூடாது. புதிதாக வரும் பயிற்சி நர்சுகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள். "கிழிச்சாக்கூடப் பரவாயில்லம்மா, ஒட்டிக்கலாம். இடம் மாத்தி வச்சீங்கன்னா அது செத்தது மாதிரி. இருக்கும், ஆனா யார் கைக்கும் கிடைக்காது."

அப்பா இறந்து மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் தையல்காரர் அந்த அறைக்கு வந்து நின்றார். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. அவசரத்தில் கழற்ற மறந்திருப்பார். அப்பாவின் தற்காப்புக் கலைப் பயிற்சிக் கூடத்தில் நாற்பத்தாறு வருடமாக இருப்பவர் அவர். மூத்த மாணவர். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது ஆனதை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

"பாப்பா, வாத்தியாருக்கு ஒரு புத்தகம் போடறோம்" என்றார். மாணவர்கள் எல்லாரும் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். படங்கள் சேர்த்தாயிற்று. வாழ்க்கை வரலாற்றை மட்டும் அவள் எழுதித் தர வேண்டும். படித்தவள், மகள், அதிலும் காகிதத்தோடு குடும்பம் நடத்துகிறவள். வேறு யார் இருக்கிறார்கள்? எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "முதல் பக்கத்துல அந்த விரல் கதை வந்துடணும்."

"அது நடந்ததான்னு எனக்குத் தெரியாதே அண்ணே."

"என்ன பாப்பா இப்படிக் கேக்கறே? ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தான் எழுதுவேன்."

அந்த விரல் கதையைக் கேட்காத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. அப்பாவை ‘ஒத்தை விரல் வாத்தியார்’ என்று சொன்னால்தான் தெரியும். பயிற்சிக் கூடத்தின் வாசலை மறித்து ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்தினான். எடுக்கச் சொன்னதற்கு எகிறினான், மாணவன் ஒருவனை அறைந்தான். வாத்தியார் வந்தார். வலது கையின் ஆட்காட்டி விரலை அவன் காறை எலும்புக்குக் கீழே வைத்தார், எடுத்தார். அவ்வளவுதான். லாரிக்காரன் சிரித்துக்கொண்டே போனான். மூன்றாம் நாள் செத்தான்.

கதை இதுதான். யார் சொன்னாலும் ‘மூன்றாம் நாள் செத்தான்’ என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்துக்காகவே மாணவர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். கூடத்தின் தகரக் கூரை ஓடாக மாறியதும், இரண்டு பாயாக இருந்தது இருபது பாயானதும் அதற்குப் பிறகுதான்.

அவள் அந்தக் கதைக்குள்ளேயே வளர்ந்தாள். பள்ளியில் யாரும் அவளிடம் வம்புக்கு வரமாட்டார்கள். பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண்கூட அவள் விரலைப் பார்த்தபடிதான் ரப்பரைக் கடன் கேட்கும். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் அந்தக் கை வேறு மாதிரி இருந்தது. அப்பா தன் வலது கையை எப்போதும் கால்சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். சாப்பிடுவதும் எழுதுவதும் கையெழுத்துப் போடுவதும் வலது கையால்தான். ஆனால் ஒரு மனிதரை அந்தக் கையால் தொட்டு அவள் பார்த்ததில்லை. பயிற்சியில் மாணவனின் தோளைத் திருத்தி நிறுத்த வேண்டுமென்றால் மூங்கில் குச்சியால் தொடுவார். அவளுக்குத் தலைவாரிவிட்டது இல்லை. பரிசு வாங்கிக்கொண்டு ஓடி வந்தபோது இடது கையால் முதுகில் தட்டினார்.

ஒன்பது வயதில் ஒருநாள் அவளுக்குக் கடுமையான வயிற்றுவலி. அம்மா பயந்துபோய், "ஏங்க, கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன், எந்த இடம்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அப்பா கதவுநிலையிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பிறகு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்துவந்தார். மருத்துவமனையில் அது வெறும் அஜீரணம் என்றார்கள். அந்த நேரம் முழுவதும் தாழ்வாரத்து நாற்காலியில், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தன் விரல் பட்டால் மகள் செத்துவிடுவாள் என்று பயப்படுகிறார் என அவள் நினைத்தாள். அவ்வளவு சக்தியா என்று மறுநாள் தோழிகளிடம் சொன்னாள்.

இருபது வயதில் அந்தப் பெருமை அவளை உறுத்தத் தொடங்கியது. கதை உண்மை என்றால் அப்பா ஒரு லாரிக்கு இடம் விடாததற்காக ஒரு மனிதனைக் கொன்றவர். பொய் என்றால் அந்தப் பொய்யின் நிழலில் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டவர். இரண்டில் எது என்று தெரியாமல் அவளால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டாள். அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "அவன் செத்துட்டான்ல. அப்புறம் என்ன?" என்றார். அதோடு சரி.

அதிலிருந்துதான் அவள் விசாரிக்கத் தொடங்கினாள். கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தாள். பக்கத்துக்கு மூன்று கட்டம்: பார்த்தவர், கேட்டவர், சொல்பவர். அப்பாவைப் பற்றி உலவிய ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கம். ஓடும் பஸ்ஸைத் தாண்டிக் குதித்தார் என்ற கதையைத் துரத்தினால், பஸ் நின்றுகொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் துரத்தினால் அது பஸ் இல்லை, வேன், கடைசியில் பார்த்த ஒரே ஆளான பழைய சைக்கிள் கடைக்காரர், "கைவண்டிம்மா. அதுலயும் ஒரு கால் தட்டுச்சு" என்றார். மரக்கிடங்கில் ஐந்து பேரை அடித்தது இரண்டு பேராகி, அந்த இரண்டு பேரில் ஒருவர் குடித்துவிட்டுத் தானாக விழுந்தவர் என்று முடிந்தது. பத்தடி தூரத்திலிருந்து கைவீச்சில் விளக்கை அணைத்த கதையில் ஜன்னல் திறந்திருந்தது. இதையெல்லாம் எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். அப்பாவிடம் படித்துக் காட்டியிருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்றே தோன்றும்.

ஆனால் விரல் கதையின் பக்கத்தில் ‘பார்த்தவர்’ கட்டம் கடைசிவரை காலியாகவே இருந்தது. தையல்காரர் தான் அங்கேயே இருந்ததாகச் சத்தியம் செய்வார். அவர் கூடத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத சமயம் அது. "எங்கே நின்னீங்க?" என்று கேட்டால், வாசலில் என்பார். "வாசல்ல எங்கே?" குழாயடியில். "குழாய் பின்பக்கம்ல இருக்கு?" கால் கழுவிக்கொண்டிருந்தாராம். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது லாரிக்காரன் போய்க்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்தாராம்.

"மூணு நாள்னு அப்பா சொன்னாரா?"

"வாத்தியார் சொல்வாரா பாப்பா? அப்புறம் நாங்க எத்தனையோ தடவை கேட்டோம். ‘நான் ஒண்ணும் செய்யலைடா, சும்மா தள்ளினேன்’னுதான் சொல்வார். பெரிய மனுஷன் வேற எப்படிச் சொல்வார்?"

இல்லை என்று சொல்லச் சொல்லக் கதை பெருத்தது. ஒரு கட்டத்தில் அப்பா சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

ரெக்கார்டு அறையில் வேலைக்குச் சேர்ந்தது தற்செயல் என்றுதான் எல்லாரிடமும் சொல்வாள். செத்தவன் இந்த மருத்துவமனைக்கு வந்திருந்தால் அவனுடைய தாள் இங்கே எங்கோ இருக்கும் என்ற கணக்கு மனதின் ஓரத்தில் இருந்ததை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கட்டுகள் மேல்மாடிக் கிடங்கில் பூட்டிக் கிடந்தன. கிடங்கின் சாவி மூன்று கண்காணிப்பாளர்களுக்கு முன்பே தொலைந்துபோனது. பூட்டை உடைக்க அனுமதி கேட்க ஒரு காரணம் வேண்டும். ‘என் அப்பா கொலைகாரரா என்று பார்க்க வேண்டும்’ என்று விண்ணப்பம் எழுத முடியாது.

அப்பா இறந்த அதே வருடம் காரணம் தானாக வந்தது. மருத்துவமனை புதிய கட்டடத்துக்கு மாறுவதாக முடிவாகி, முப்பது வருடத்துக்கு மேற்பட்ட தாள்களைப் பட்டியல் எடுத்துக் கூழாக்க அனுப்பச் சொன்னார்கள். பூட்டை அறுத்தார்கள். பட்டியல் எடுக்கும் வேலை அவளுக்கு.

லாரிக்காரனுடைய பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் கூரை ஓடு மாற்றியது எந்த வருடம் என்று தையல்காரருக்கு நன்றாகத் தெரியும். ஓடு ஏற்றும்போது கால்விரல் நசுங்கியது அவருக்குத்தான். அதற்கு முந்தைய வருடத்து மரணப் பதிவேட்டை எடுத்தாள். ஆண், ஓட்டுநர் என்று பார்த்துக்கொண்டே போனதில் ஏழு பேர். அதில் ஒருவருடைய முகவரி கூடத்துக்கு அடுத்த தெரு. இருபத்தெட்டு வயது. பதிவு எண்ணை வைத்துக் கட்டைத் தேடி எடுக்க நாலு நாள் ஆயிற்று.

மஞ்சளாகி, ஓரம் பொடிந்த ஐந்து தாள்கள். வயதையும் தொழிலையும் தாண்டிக் கீழே வந்தாள். வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், வாந்தி. காலை ஒன்பது மணிக்குச் சேர்க்கப்பட்டார். குடல்வால் வீங்கியிருக்கிறது. உடனே அறுவை சிகிச்சை செய்ய ஆலோசனை. அதற்கு எதிரே வேறு மையில்: நோயாளி மறுக்கிறார். இன்னொரு முறை: நோயாளி மறுக்கிறார்.

அவளுக்கு மூச்சு இலேசாயிற்று. விரலுமில்லை, மாயமுமில்லை. குடல்வால். அப்பா யாரையும் கொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் அவள் கிடங்கின் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாளைத் திருப்பினாள்.

அது நர்சின் குறிப்பு. உருண்டையான, கவனமான எழுத்து. மாலை நான்கு மணி. நோயாளியின் மனைவி அழைத்துவந்த ஒருவர் நோயாளியின் வயிற்றில் விரலால் அழுத்தினார். தடுத்தும் கேட்கவில்லை. நோயாளி சத்தம் போட்டார். சிறிது நேரத்தில் வலி முற்றிலும் நின்றுவிட்டதாகச் சொல்கிறார். எழுந்து உட்கார்ந்தார். வீட்டுக்குப் போக விரும்புகிறார். டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.

அதற்குப் பின்னால், மருத்துவ ஆலோசனைக்கு மாறாகத் தன் பொறுப்பில் வெளியேறுகிறேன் என்ற அச்சடித்த படிவம். நோயாளியின் கைநாட்டு. கீழே, சாட்சி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பன்னிரண்டு வருடத்து மதிப்பெண் அட்டைகளில் அவள் பார்த்திருக்கிறாள். அப்பா சாதாரணமாகக் கையெழுத்தை அப்படியே விட்டுவிடுவார். அவள் முதல் ரேங்க் வாங்கினால் மட்டும் அதன் அடியில் இழுத்து ஒரு கோடு போடுவார். சந்தோஷம் தாங்காமல் போடும் கோடு.

படிவத்தில் அந்தக் கோடு இருந்தது.

கடைசித் தாளில் இரண்டே வரி. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நினைவற்ற நிலையில் கொண்டுவரப்பட்டார். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு இறந்தார். வயிறு முழுவதும் சீழ்.

கோடு போட்ட நோட்டில் எந்தக் கட்டத்திலும் இதை எழுத அவளுக்குக் கை வரவில்லை. மறுநாள் கேன்டீனில் இளம் அறுவை சிகிச்சை டாக்டரைப் பிடித்தாள். பழைய கேஸ் ஒன்று, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்றாள். குடல்வால் வீங்கியவருக்கு வலி திடீரென்று நின்றுபோகுமா?

"நிக்கும்க்கா. வெடிச்ச உடனே கொஞ்ச நேரம் நிக்கும். அதான் ஆளை ஏமாத்திடும். நல்லாயிடுச்சுன்னு எழுந்து உக்காந்து டீ கேப்பாங்க. அதுக்கப்புறம் உள்ள பரவ ஆரம்பிச்சுடும்."

"வெளியில இருந்து ஒருத்தர் அழுத்தினா வெடிக்குமா?"

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "வெடிக்கலாம். அதுவாவே வெடிக்கிற நேரத்துல அவர் அழுத்தியும் இருக்கலாம். உள்ள பார்த்தவங்க யாரும் இல்லையே. அதை யாராலயும் சொல்ல முடியாதுக்கா."

அவள் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். இருபத்தொன்பது வருடமாக எதைத் தேடினாளோ அது கையில் இருக்கிறது. ஊர் சொன்ன கதை பொய். அந்த விரல் கொல்வதற்காகத் தொடவில்லை. காப்பாற்றத் தொட்டது. காப்பாற்றத் தொட்டதில்தான் அவன் செத்தானோ என்னவோ. அப்படியானால் கதை மெய்.

தாளில் இருந்த முகவரிக்குப் போனாள். அந்தப் பெண் எப்போதோ ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாகவும், இஸ்திரிக் கடை வைத்திருப்பதாகவும் சொன்னார்கள். சொன்ன அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். நாலு தடுப்புத் தகரம், ஒரு மேசை, பின்னால் துணி அடுக்கும் மரத்தட்டு. எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் தலையணை உறைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஒல்லியானவர். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும் கை மட்டும் தடித்திருந்தது.

எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததெல்லாம் வீணாயிற்று. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ வாத்தியார் பொண்ணுதானே? அதே நெத்தி."

பிறகு திரும்பி மரத்தட்டின் மேல் வரிசையிலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளை ஒன்று, வெளிர்சாம்பல் ஒன்று. காலர் கத்தி மாதிரி நின்றது. "ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடி குடுத்தது. போஸ்டர் பார்த்தேன். யாராவது வருவாங்கன்னு எடுத்து வச்சிருந்தேன்."

அப்பாவின் சட்டைகள் மட்டும் எங்கோ தொலைவில் தேய்க்கப்பட்டு வரும். சனிக்கிழமைதோறும் சைக்கிளில் மூட்டையோடு போவார். பக்கத்துத் தெருவில் தேய்த்தால் மடிப்பு நிற்காதோ, துரை சட்டைக்குத் தனி ஆள் வேண்டுமோ என்று அம்மா சாகும்வரை கேலி செய்தாள். அப்பா மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"எத்தனை வருஷமா வர்றார்மா?"

"நான் கடை போட்ட நாள்ல இருந்து. சட்டையைக் குடுப்பார், வாங்குவார். நல்லா இருக்கியாம்மான்னு கேப்பார். வேற பேச்சு அதிகம் கிடையாது. ஒரு கை எப்பவும் பாக்கெட்டுக்குள்ள."

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டார். அவள் கேட்காமலே அவர் பேசினார். யாரிடமாவது ஒருநாள் சொல்ல வேண்டுமென்று அடுக்கி வைத்திருந்தது போல வரிசையாக வந்தது. சண்டை நடந்த மறுநாள் காலை புருஷனுக்கு வயிற்றுவலி. வாத்தியார் கைபட்டதால்தான் என்று தெருவே சொன்னது. தொட்டது தோளில், வலி வயிற்றில் என்று யாரோ கேட்டதற்கு, அவர் தொடுவது ஓரிடம், அறுபடுவது வேறிடம் என்று இன்னொருவர் விளக்கினார். புருஷனும் அதையே பிடித்துக்கொண்டார். டாக்டரைக் கிட்டே விடவில்லை. ‘போட்டவன்தான் எடுக்கணும், கத்தி வச்சா அங்கேயே செத்துடுவேன்’ என்று கத்தினார். அந்த அம்மாதான் ஓடிப்போய் வாத்தியார் முன்னால் நின்றார்.

"உங்கப்பா அப்படி ஒண்ணும் இல்லம்மான்னு தலையில அடிச்சுகிட்டார். நான் சும்மா தள்ளினேன், டாக்டர் சொல்றதைக் கேளுங்கன்னார். நான் நம்பலை. கால்ல விழுந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தும் இவர்கிட்ட அதையேதான் சொன்னார். இவரும் கேக்கலை. கடைசியில, சரி, நான் எடுத்துட்டா ஆபரேஷனுக்கு ஒத்துக்குவியான்னு கேட்டார். இவர் சரின்னார். அதுக்காகத்தான் கையை வச்சார்."

"அப்புறம்?"

"வலி நின்னுபோச்சே." அவர் தலையணை உறையை நாலாக மடித்தார். "நின்னதும் உங்கப்பா முகத்தை நீ பார்த்திருக்கணும். தன் விரலையே பார்த்துகிட்டு நின்னார். சிரிச்சார். குழந்தை மாதிரி. அப்புறம் ஆபரேஷன் பேச்சை யாரும் எடுக்கலை. அவரும் எடுக்கலை."

அவள் அந்தக் கோட்டை நினைத்தாள். தன்னிடம் அப்படி ஒன்றும் கிடையாது என்று காலைவரை அறிந்திருந்த மனிதர், அந்தி நேரத்தில், எல்லாரும் சொல்வது மெய்யாகவே இருக்குமோ என்று ஒரே ஒரு முறை நம்பியிருக்கிறார். அந்த ஒரு இரவு மட்டும். மறுநாள் மத்தியானம் வரை.

"ஊரெல்லாம் அவர் கொன்னுட்டார்னு பேசுது. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. திறந்தா, நீதானடி கூட்டிட்டுப் போனேன்னு கேப்பாங்கல்ல? அவரும் சொல்லலை. கடைசிவரைக்கும் சொல்லலை." அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி ஓரமாக வைத்தார். முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "நீ ஆஸ்பத்திரியில பழைய காகிதம் பார்க்கற வேலைன்னு உங்கப்பா ஒரு தடவை சொல்லியிருக்கார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் கண்ணு. நான் உங்கப்பாவைக் கூட்டிட்டு வராம இருந்திருந்தா இவர் பொழைச்சிருப்பாரா?"

கேஸ் ஷீட் அவள் கைப்பையில்தான் இருந்தது. ஐந்து தாள்கள், பிளாஸ்டிக் உறையில். அவற்றைக் காட்டத்தான் வந்திருந்தாள். சரிபார்க்காத ஒரு வரியை இந்த வயதுவரை அவள் எழுதியதுமில்லை, சொன்னதுமில்லை.

"தேடிப் பார்த்தேன்மா. அந்த வருஷத்துக் கட்டு முழுக்கக் கரையான் தின்னுடுச்சு. ஒண்ணுமே மிஞ்சலை."

இஸ்திரிக்காரம்மா கொஞ்ச நேரம் அவள் கைப்பையைப் பார்த்தார். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. பிறகு, "கரையானா?" என்றார். "சரி. அதுவும் நல்லதுதான்." சட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வாங்கும்போது அவளுடைய வலது கையை அந்தத் தடித்த கை ஒரு நொடி பிடித்து விட்டது. சூடாக இருந்தது.

அடுத்த வாரம் தையல்காரர் வந்தார். இந்த முறை அளவுநாடா இல்லை. அவள் எழுதி வைத்திருந்த பக்கங்களைக் கொடுத்தாள். கைவண்டி இருந்தது, மரக்கிடங்கு இருந்தது, திறந்திருந்த ஜன்னல் இருந்தது. தையல்காரர் ஒவ்வொன்றுக்கும் முகம் சுளித்துக்கொண்டே போனார். முதல் பக்கத்தைக் கடைசியாகத்தான் படித்தார். அதில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘அந்த மனிதரை அப்பா விரலால் தொட்டார். மூன்றாம் நாள் அவர் இறந்தார்.’

தையல்காரர் அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு முன்னால், எல்லாரையும்போல, ஒரு நொடி நிறுத்தினார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"இதைத்தானே பாப்பா நான் அன்னிக்கே சொன்னேன். விசாரிச்சுட்டியா?"

"விசாரிச்சுட்டேன் அண்ணே."

"உண்மைதானே?"

"ரெண்டு வரியும் உண்மைதான்."

அவர் போன பிறகு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். கூழாக்கும் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே ‘கிடைக்கவில்லை’ என்று எழுதினாள். கூழுக்கு அனுப்ப மனம் வரவில்லை. அப்பாவின் அந்த ஒரு நாள் சந்தோஷம் வேறெங்கும் பதிவாகவில்லை. வைத்திருக்கவும் முடியாது, என்றாவது யாராவது படிப்பார்கள். ஏணியை நகர்த்திப் போட்டு ஏறினாள். எலும்பு முறிவு, குழந்தைகள், பதினோரு வருடத்துக்கு முந்தைய கட்டு. நடுவில் நாடாவைத் தளர்த்தி, ஐந்து தாள்களையும் யாரோ ஒரு சிறுமியின் முழங்கை எக்ஸ்ரேக்குப் பின்னால் செருகி, மறுபடி இறுக்கிக் கட்டினாள். இறங்கி ஏணியைப் பழைய இடத்தில் வைத்தாள்.

கூடத்தில் இப்போது புத்தகம் வந்துவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பதாகச் சொல்கிறார்கள். சனிக்கிழமைகளில் அவள் தன் துணி மூட்டையோடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போகிறாள். இருவரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், மின்வெட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

ரெக்கார்டு அறையில் அந்த அலமாரியை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கடக்க வேண்டியிருக்கிறது. கடக்கும்போதெல்லாம் அவளுடைய வலது கை நீலக் கோட்டின் பைக்குள் போய்விடுகிறது. பயிற்சி நர்சு ஒருத்தி அதைக் கவனித்துவிட்டு, கையில் ஏதாவது அடிபட்டுவிட்டதா அக்கா என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.